வைத்தியச்சிக்கு மட்டும் பதினெட்டாம் நிலை

ஜூன் 9, 2025. திங்கள்

சாரல் பிடித்துக்கொண்டது. நிஸ்ஸியின் பள்ளிச் சீருடை மூன்று நாளாகக் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி ஆவியாக்கினேன். யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை ஈரச் சட்டையோடு போய் உட்கார்ந்தால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் இழுப்பு வரும். இழுப்பு வந்தது அவளுக்கு இரண்டு வயதில், ஒரே ஒரு முறை. டாக்டர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

வேலை விஷயம். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, ஐந்து வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். 'கருங்கோட்டை' என்று ஒரு மாயாஜால விளையாட்டு. போனில் ஆடுவது. ஆட வருகிறவர் முதலில் யாராக இருக்கப் போகிறார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: வாள்வீரன், வில்லாளி, ஒற்றன், மந்திரவாதி, வைத்தியச்சி. ஒவ்வொருவரும் அடியிலிருந்து தப்பிக்கும் கலைகளை, கேடயம் பிடிப்பது, விலகுவது, மந்திரக் காப்பு போட்டுக்கொள்வது, ஒவ்வொரு நிலையில் கற்கலாம். யாருக்கு எது எந்த நிலையில் என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம், ஜூலை 31 வரை. அட்டவணை சரியாக வந்தால் நிரந்தரம். வராவிட்டால் மறுபடி முழுநேரமும் இஸ்திரிப் பெட்டி.

எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட அட்டவணையை இன்று பார்த்தேன். 'விலகல்' என்ற ஒரு கலைக்கு மட்டும்: ஒற்றன் இரண்டாம் நிலை, வாள்வீரன் மூன்று, வில்லாளி ஐந்து, மந்திரவாதி ஒன்பது.

வைத்தியச்சி பதினெட்டு.

டீம் லீடர் சாமிடம் கேட்டேன். என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று சொல்லிக்கொண்டேதான் வெட்டுவான்.

"லாஜிக் சிம்பிள் கிருபாக்கா. வைத்தியச்சி பின்னாடிதானே நிக்கிறா? முன்னாடி நாலு பேர் இருக்கும்போது அவளுக்கு எதுக்கு தற்காப்பு?"

"ஆனா அவதான் அதிகமா சாகுறா. பத்தாம் நிலைக்கு முன்னாடியே முக்கால்வாசிப் பேரு விட்டுட்டுப் போயிடறாங்க."

"அதான் உங்களை எடுத்திருக்கோம்."

எடுத்திருக்கிறார்களாம்.

ஜூன் 14. சனி

சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை சோதனை ஆட்டம். கடையநல்லூரிலிருந்து ஷஹானா என்ற பெண் வைத்தியச்சியாக ஆடுகிறாள். இருபத்திரண்டு வயது. ஆட்டத்தில் செத்தால் உடனே எனக்குப் போன்.

"அக்கா, இன்னைக்குப் பதினோரு தடவ மௌத்தாயிட்டேன். ஒரு தடவ எங்க ஆளு வாள்வீரனுக்குக் கட்டு போட்டுக்கிட்டு இருக்கேன், பின்னாடி இருந்து ஒருத்தன் குத்திட்டான். கட்டு போட்டுக்கிட்டவனாவது திரும்பிப் பாத்தானா? இல்ல. நேரா புதையல எடுக்கப் போயிட்டான்."

மூன்று மணி நேரம் நிஸ்ஸியை யார் பார்ப்பது என்று பயந்தேன். என் கணவர் பெலிக்ஸ் பள்ளி ஆசிரியர், சனிக்கிழமை விடுமுறை. இலஞ்சியில் அவருடைய அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். மதினி வீட்டுத் தென்னந்தோப்பில் ஓடியாடட்டும், நல்லதுதான். ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் எல்லாம் கொடுத்து அனுப்பினேன். ஐந்தரைக்குத் தலை வாரிப் பின்னி, பவுடர் போட்டுத் திரும்பி வந்தாள். மதினிக்கு எவ்வளவு பொறுப்பு!

ஜூன் 15. ஞாயிறு

தென்காசியில் வீடு இருந்தால் ஜூன் மாதத்தில் சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் வாசலில் வேன். தூத்துக்குடியிலிருந்து பெலிக்ஸின் சித்தி குடும்பம், ஒன்பது பேர். "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாமே!" என்று வந்தவர்கள் எங்களைப் பார்த்தது பத்து நிமிடம், அருவியைப் பார்த்தது நாலு மணி நேரம். திரும்பி வந்து ஈரத் துணியெல்லாம் என் கொடியில்.

சித்தி சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏ கிருபா, நிஸ்ஸி எந்த அருவில குளிச்சிருக்கா?"

"இன்னும் இல்ல சித்தி. சளி பிடிச்சுக்கும்."

"என்னது? அஞ்சு கிலோமீட்டர்ல அருவி, பிள்ள இன்னும் நனையலையா? நாங்க நூறு கிலோமீட்டருக்கு மேல வண்டி பிடிச்சு வாறோம்!"

"சரி, நீ குளிச்சிருக்கியா?" என்று அடுத்த கேள்வி. குழம்பு எடுத்து வரப் போய்விட்டேன். கல்யாணமாகி ஆறு வருடம். எனக்குத் தலை நனைந்தால் சைனஸ்.

ஆனாலும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா. அவர்கள் போனபிறகு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன். நிஸ்ஸி அருவிக்குப் போகத் தேவையான தகுதிகள்: ஏழு வயது முடிந்திருக்க வேண்டும், எடை இருபத்திரண்டு கிலோ, தொடர்ந்து அறுபது நாள் சளி இல்லாமல், நீச்சல் வகுப்பு, டாக்டர் கடிதம். பெலிக்ஸ் தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தவர் நின்று நிதானமாகப் படித்தார்.

"இதுக்கு ஐ.ஏ.எஸ். ஈஸி" என்றார். போய்விட்டார்.

ஜூன் 24. செவ்வாய்

வைத்தியச்சியைப் பன்னிரண்டுக்கு இறக்கலாம் என்றேன். சாம், "கன்ஸிடர் பண்ணுவோம்க்கா" என்றான். செய்ய மாட்டான்.

ஜூன் 29. ஞாயிறு

நிஸ்ஸிக்குக் கழுத்தில் ஏதோ பிரச்சினை.

காலையில் குளிப்பாட்டும்போது முதல் செம்பு தண்ணீர் ஊற்றப் போனேன். சட்டென்று திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து, இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ம், ஊத்து" என்கிறாள். நிமிர்ந்து நில்லு என்றால் நிற்க மாட்டேன் என்கிறாள். இதற்கு முன் இப்படிச் செய்ததில்லை. கழுத்து வலிக்குதா என்றால் இல்லை. பள்ளியில் யாராவது மிரட்டினார்களா? இல்லை. குழந்தைகள் திடீரென்று குனிவது ஏன் என்று நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

பெலிக்ஸிடம் சொன்னேன். "விளையாடுதா, விடுட்டி" என்றார். மகள் விஷயத்தில் எப்போதும் இந்த அலட்சியம்தான். பயப்படுகிற வேலை முழுவதையும் எனக்கே விட்டுவிட்டார்.

நேற்று மதியமும் அப்பாவும் மகளும் வழக்கம்போல இலஞ்சி. நல்லவேளை, கழுத்துக்கு அங்கே ஓய்வு.

ஜூலை 2. புதன்

கழுத்து மருத்துவரிடம் போய் வந்தோம். கழுத்து நன்றாக இருக்கிறதாம். "நீங்க சரியா தூங்குறீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

ஜூலை 5. சனி

சாம் ஒருவழியாக இறங்கி வந்தான். ஒரு வாரம் உங்கள் இஷ்டப்படி போட்டுப் பாருங்கள் என்றான். போட்டேன். எல்லாருக்கும் எல்லாத் தற்காப்பும் இரண்டாம் நிலையிலேயே. கேடயம், விலகல், காப்பு, பாரபட்சமே கிடையாது. எழுதி முடித்ததும் மனது நிறைந்துவிட்டது, பிள்ளைகளையெல்லாம் போர்வைக்குள் போட்டுப் படுக்கவைத்த மாதிரி.

மூன்று மணி நேரம் ஆட்டம் நடந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. எட்டு ஆட்களும் வைத்தியச்சியாகவே வந்து நின்றார்கள். ஒருவருக்கொருவர் கட்டு போட்டுக்கொண்டார்கள், காயமே இல்லாமல். அரக்கன் வந்து அடித்தான், அடித்தான், கடைசியில் அவன் களைத்துப்போனான்.

ஷஹானா போன்: "அக்கா, யாருமே மௌத்தாகல. நான் போனை வச்சுட்டுப் போயி அசர் தொழுதுட்டு வந்து பாக்கேன், அப்பவும் உசுரோடதான் நிக்கேன். அந்த அரக்கனைப் பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சுக்கா. அவனுக்கு ஒரு கட்டு போடலாமான்னு யோசிச்சேன்."

சாம்: "அக்கா, இது கேமா, இன்ஷூரன்ஸா?"

சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன். என்னத்தைப் படிச்சு என்னத்த! ஒரு அட்டவணை போடத் தெரியல.

ஜூலை 6. ஞாயிறு

நிஸ்ஸியின் வெள்ளை கவுனில் மங்குஸ்தான் கறை. மதினி வாங்கிக் கொடுத்தாராம். எலுமிச்சை, சோப்பு, வெந்நீர், எதற்கும் போகவில்லை. இலஞ்சியில் மங்குஸ்தான் எங்கே விற்கிறார்கள்? குற்றாலம் கடைவீதியில் அல்லவா விற்பார்கள்? இருக்கட்டும். மதினி பிள்ளைக்காகப் போய் வாங்கி வந்திருப்பார். எனக்குத்தான் அப்படி ஒரு மனசு இல்லை.

ஜூலை 12. சனி

இரண்டாவது அட்டவணை. நிலை மட்டும் போதாது, பலமும் வேகமும் சேர்த்துச் சூத்திரம் போட்டேன். அழகான சூத்திரம். கல்லூரியில் என்றால் கைதட்டியிருப்பார்கள். வைத்தியச்சி பிழைத்தாள், மந்திரவாதி செத்தான். மந்திரவாதியைத் தூக்கிவிட்டேன், வில்லாளி சாகாவரம் பெற்றுவிட்டான். வில்லாளியை இறக்கினால் மறுபடி வைத்தியச்சி செத்தாள். ஒருவரைப் போர்த்தினால் இன்னொருவர் கால் வெளியே.

சாம் இன்று அக்கா சேர்க்காமல் பேசினான். "கிருபா, தர்ட்டி ஃபர்ஸ்ட் வரைக்கும்தான் டைம். வேற வழியில்லன்னா பழைய டேபிளுக்கே போயிடுவோம்." பழைய அட்டவணைக்குப் போவதென்றால், நான் எதற்கு?

பெலிக்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் 'வீட்டுல இரேன், யாரு கேக்கா' என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் பயம்.

ஜூலை 19. சனி

 

பராமரிப்புக்காக இன்று முழுக்கக் கரண்ட் கட். எனக்கும் இல்லை, கடையநல்லூரில் ஷஹானாவுக்கும் இல்லை. சாம் சோதனை ஆட்டத்தைத் தள்ளிவைத்தான். பெலிக்ஸும் நிஸ்ஸியும் அதற்குள் இலஞ்சி கிளம்பிவிட்டார்கள். சும்மா இருந்தால் அட்டவணை தலைக்குள் ஓடுகிறது. சரி, நாமும் போய் மதினியைப் பார்க்கலாம் என்று ஆட்டோ பிடித்தேன்.

மதினி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வா... வா கிருபா. நீ இன்னைக்கு வேலையில்லா?"

"கரண்ட் இல்ல மதினி. நிஸ்ஸி எங்க?"

"நிஸ்ஸியா... அவ வந்து..."

"மதினி."

"திட்டாதே. புலியருவிக்குப் போயிருக்காங்க. ஒவ்வொரு சனியும் அங்கனதான் போறாங்க. திரும்பி இங்கன வந்துதான் தலை துவட்டி, சாம்பிராணி போட்டு, பின்னி அனுப்புதேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தம்பி சத்தியம் வாங்கிட்டான். பிள்ளைகிட்டயும் வாங்கியிருக்கான்."

வாசலில் நின்ற அதே ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

புலியருவி மற்ற அருவிகள் மாதிரி இல்லை, சின்னது. ஆனால் சத்தம் எனக்குப் பெரிதாகத்தான் கேட்டது. கூட்டத்துக்கு நடுவில் பெலிக்ஸ், இடுப்பில் துண்டு. பக்கத்தில் என் மகள். தண்ணீருக்கு அடியில். முதுகைக் காட்டி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து, இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

குழாயைப் பிடித்த மாதிரி.

கழுத்து டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கத்தினேன். பெலிக்ஸ் என்னைப் பார்த்ததும் சோப்பைக் கீழே போட்டார். பத்து வயது குறைந்த மாதிரி நின்றார்.

"எத்தன வாரம்?"

"அஞ்சு... இன்னைக்கோட ஆறு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஃபிரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டுவ. ஒட்டின பிறகு யாரால மீற முடியும்? அதான் மொதல்லயே மீறிட்டேன். ஏட்டி, ஒண்ணும் இல்லாம தூக்கி அடியில நிறுத்தல. மொத வாரம் பாறைல ஒக்காந்து கால் மட்டும்தான். அடுத்த வாரம் கை. மூணாவது வாரம்தான் ஓரமா போயி முதுகு. அவ கேட்டாதான் அடுத்தது. அறுபது நாள் சளி இல்லையான்னு கேட்டியே, நாப்பது நாளாச்சு. எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

நிஸ்ஸி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வா. பயப்படாத." நான் அசையவில்லை. அவள் பொறுமையாக, பள்ளி மிஸ் குரலில்: "தலைய மொதல்ல குடுக்கக் கூடாது. தண்ணி எங்கன இருந்து வருதோ அங்கன முதுக காட்டணும். மொத அடி வலிக்கும். அப்புறம் வலிக்காது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு வலிச்சுது. அப்புறம் தெரிஞ்சுச்சு."

வீட்டுக்கு வந்து பெலிக்ஸோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தேன். இரண்டாவது தடவை ரசம் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

ஜூலை 20. ஞாயிறு

ஆராதனையில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். ஆண்டவர் மன்னிப்பார். பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் மன்னிக்க வேண்டும்.

தகுதி, நிலையில் இல்லை. பலத்திலும் வேகத்திலும் இல்லை. அடியில் இருக்கிறது. வாங்கிய அடி. எந்தப் பக்கமிருந்து அடி வருகிறதோ, அந்தப் பக்கத்துத் தற்காப்பைத்தான் ஒருவர் கற்கிறார். வாள்வீரனுக்கு முன்னாலிருந்து வருகிறது, அவன் கேடயம் கற்கட்டும். வைத்தியச்சிக்கு எப்போதும் முதுகில், அவள் திரும்ப, விலகக் கற்கட்டும். எல்லாருக்கும் ஒரே எண்: இருபது அடி. நான் யாரையும் போர்த்தவும் வேண்டாம், யாரையும் காக்கவைக்கவும் வேண்டாம்.

ஆனால் இருபது அடி வாங்கும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே? அதற்கு, ஆட்டம் தொடங்கும் இருண்ட காட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஓடை. அங்கே இருக்கும் பிசாசுகள் அடித்தால் வலிக்கும், கொல்லாது. முதல் நாளே யாரையும் பேரருவியில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

பெலிக்ஸுக்கு இன்று ரசம் ஊற்றினேன்.

ஜூலை 26. சனி

ஷஹானா ஓடையில் நின்றுகொண்டு ஒரே பிசாசிடம் இருபது அடியும் வாங்கிவிட்டாள். "சும்மா நின்னேன்கா, அவன் பாட்டுக்கு அடிச்சான், எனக்கு விலகல் வந்துருச்சு!" கெட்டிக்காரி. ஒரே பிசாசிடம் மூன்று அடிக்கு மேல் கணக்கில் வராது என்று உடனே ஒரு வரி சேர்த்தேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக நடந்தது. வாள்வீரர்கள் இரண்டு பேர், வில்லாளி இரண்டு, ஒற்றன், மந்திரவாதி, வைத்தியச்சி இரண்டு. யாரும் யாருக்காகவும் பாவப்படவில்லை. ஷஹானா மூன்று முறை மௌத்தானாள். நான்காவது முறை பின்னாலிருந்து கத்தி வந்தபோது விலகினாள். போனில் அவள் போட்ட சத்தத்தில் நிஸ்ஸி ஓடி வந்து, "என்னம்மா, யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள்.

யாருக்கும் இல்லை. அதுதான் விஷயம்.

சாம்: "சூப்பர்க்கா." அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

ஜூலை 30. புதன்

சாம் கூப்பிட்டான். அட்டவணை மேலே உள்ளவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். "நம்ம டீம் யோசிச்சதுன்னு பிரெசென்ட் பண்ணினேன்க்கா, செம ரெஸ்பான்ஸ்." டீம் யோசித்திருக்கிறது. நல்லது. டீமுக்கு ஐந்து வயது, முன்பல் ஒன்று ஆடுகிறது.

பிறகு: "உங்க விஷயம்... சோதனைக் காலத்த இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம்னு நினைக்கிறோம். வீட்டுல இருந்து வேல, குழந்தை வேற. பிரஷர எப்படி ஹேண்டில் பண்ணுவீங்கன்னு இன்னும் பாக்கலையே?"

பதினெட்டாம் நிலை. எனக்கும்.

முன்பு என்றால் "சரி சாம்" என்றிருப்பேன். வாயில் வந்தும்விட்டது. ஆனால் என்ன ஆனதோ தெரியவில்லை, முதுகு தானாகத் திரும்பிக்கொண்டது.

"சாம், நீ எங்கிட்ட அனுப்பின மெயில் எல்லாம் இருக்கு. 'இது வொர்க் ஆகாது'ன்னு எத்தன? 'இது கேமா இன்ஷூரன்ஸா'ன்னு கேட்டது? ஞாயித்துக்கிழமை கூப்பிட்டது? பழைய டேபிளுக்கே போயிடுவோம்னது? நம்ம புது விதிப்படி எண்ணிப் பாரு. இருபது எப்பவோ தாண்டியாச்சு. இந்தக் கலை எனக்கு வந்துருச்சு. நாளைக்கு நிரந்தரம்னா இருக்கேன். இல்லன்னா ஒண்ணாம் தேதியில இருந்து வர மாட்டேன்."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"ஒரே ஆளு கையால மூணு அடிக்கு மேல கணக்கில்லன்னு நீங்களே ரூல் போட்டீங்களேக்கா?" என்றான்.

"நீ ஒரே ஆளா பேசல. ஒரு நாள் அக்காம்ப, ஒரு நாள் கிருபாம்ப."

சிரித்துவிட்டான். "பேசிட்டுச் சொல்றேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என்ன பேசினேன்! வேலை போயிற்று.

ஜூலை 31. வியாழன்

போன் வரவில்லை. இஸ்திரி போட்டேன். காய்ந்த துணிக்கும் போட்டேன்.

ஆகஸ்ட் 1. வெள்ளி

நிரந்தரம். மெயில் வந்தது பதினொன்று பத்துக்கு. பெலிக்ஸுக்குப் பள்ளியில் போன் செய்தேன். வகுப்பில் இருந்தவர் எடுத்துவிட்டார். பிள்ளைகள் பின்னால் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

"அப்போ இன்னைக்கு ராத்திரி ரசம் உண்டா?" என்றார்.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

ஃபிரிட்ஜில் என் தாளைக் காணோம். அதன் இடத்தில் வேறொரு தாள், அதே காந்தம். நிஸ்ஸியின் கிரையான்: ஒரு கால், ஒரு கை, ஒரு முதுகு, ஒரு தலை. மேலே கோணல் எழுத்தில் 'அம்மா'. பக்கத்தில் நான்கு கட்டங்கள், எல்லாம் காலி.

"இது என்னட்டி?"

"உனக்குத்தான். நேரா தலைக்குப் போகக் கூடாது."

சைனஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். பெலிக்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஆகஸ்ட் 9. சனி

புலியருவிக்கு மதினியும் வந்தார். பாறையில் உட்கார்ந்து கால். குளிர். டிக்.

கையையும் இன்றே முடித்துவிடலாமே என்றேன். முடியாது என்றாள் நிஸ்ஸி. நான் இன்னும் கேட்கவில்லையாம், கேட்கிற மாதிரி நடிக்கிறேனாம்.

ஆகஸ்ட் 23. சனி

முதுகு.

முதல் அடி வலித்தது.